“பைலட் இறங்கிப் போயிட்டாராம்” – ஷெயார் பண்ணுவதற்கு முன் கொஞ்சம் யோசிப்போம்



கொஞ்சம் நீண்ட பதிவு. உம்றாவுக்குப் போக இருப்பவர்களும், பிள்ளைகளை வெளிநாட்டுக்கு அனுப்பிவிட்டுக் காத்திருக்கும் உம்மா வாப்பாமாரும், லீவில் வந்து போகும் சகோதரர்களும் நேரம் ஒதுக்கி வாசித்தால் நல்லது.

எமது வட்ஸ்அப் குழுக்களில் அடிக்கடி சுற்றும் ஒரு வகையான வொய்ஸ் நோட் இருக்கிறது. “ப்ளேன் ரெடியா நிக்கிது. ஆக்கள் எல்லாம் ஏறியாச்சு. டியூட்டி முடிஞ்சிட்டு எண்டு சொல்லி பைலட் இறங்கிப் போயிட்டாராம். எங்கட சனத்த மனுசரா மதிக்கிறாங்களா பாருங்க!” கீழே கருத்துகள் குவியும். “இவனுகளுக்கு என்ன வேல? சுவிச்சப் போட்டுட்டு தூங்கிறது தானே” என்பார் ஒருவர். “லட்சக்கணக்குல சம்பளம், இதுல திமிர் வேற” என்பார் இன்னொருவர்.

அந்தக் கோபம் எமக்குப் புரிகிறது. எமது ஊர்களில் பெரும்பாலானோர் விமானம் ஏறுவது உல்லாசப் பயணத்துக்காக அல்ல. விசா முடியும் திகதி, வேலைக்குத் திரும்ப வேண்டிய நாள், வருடக்கணக்காகச் சேர்த்த காசில் போகும் உம்றா, வாப்பாவின் ஜனாஸாவுக்கு முகம் பார்க்க ஓடி வருதல் என்று ஒவ்வொரு பயணத்தின் பின்னாலும் ஒரு குடும்பம் நிற்கிறது. ஜனாஸாவைத் தாமதிக்காமல் அடக்கிவிடும் மார்க்கம் எங்களுடையது. ஆறு மணித்தியாலத் தாமதம் ஒரு மகனுக்கு வாழ்நாள் முழுவதும் மாறாத இழப்பாகலாம். அந்த வலியை யாரும் சின்னதாக எடுக்கக் கூடாது.

ஆனாலும் ஒரு விடயத்தைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். விமானி ஒருவர் “இப்போது முடியாது” என்று சொல்வதுதான் நாம் டிக்கட் காசு கொடுத்து வாங்கும் மிகப் பெரிய பாதுகாப்பு. அந்தச் சொல்லைச் சொல்ல அவர் தயங்கும் நிலை வந்தால் முதலில் ஆபத்துக்குள்ளாவது நாமும் எம் பிள்ளைகளும்தான்.

எமது மண்ணில் நடந்தவை

விமான விபத்து எங்கோ தூரத்தில் நடப்பது என்று நினைக்கிறோம். இலங்கை மண்ணில் நடந்த மிகப் பெரிய இரண்டு விமான விபத்துகளிலும் உயிரிழந்தவர்களில் பெரும்பாலானோர் ஹஜ் பயணிகள் என்பது இன்றைய இளம் தலைமுறையில் பலருக்குத் தெரியாது.

1974 டிசம்பர் 4 இரவு. இந்தோனேசியாவின் சுரபாயாவிலிருந்து கொழும்பு வழியாக ஜித்தா போகவிருந்த மார்ட்டின்எயார் விமானம் மஸ்கெலியா, நோர்ட்டன் பிரிட்ஜ் பக்கமுள்ள ஏழு கன்னியர் மலையில் மோதியது. 182 ஹஜ் பயணிகளும் 9 ஊழியர்களும், 191 பேரும் ஷஹீதானார்கள் என்றே எமது பெரியவர்கள் சொல்வார்கள். விமான நிலையத்திலிருந்து தாம் எவ்வளவு தூரத்தில் இருக்கிறோம் என்பதைத் தவறாகக் கணித்து, பாதுகாப்பான உயரத்தை விட்டுக் கீழே இறங்கியதே காரணம் என்று விசாரணை சொன்னது. நான்கு ஆண்டுகள் கழித்து, 1978 நவம்பர் 15 இரவு, ஹஜ்ஜை முடித்துக்கொண்டு ஜித்தாவிலிருந்து இந்தோனேசியாவுக்குத் திரும்பிக்கொண்டிருந்தவர்களின் விமானம் கட்டுநாயக்கவில் இறங்க வரும்போது ஓடுபாதைக்கு முன்னாலேயே விழுந்து நொறுங்கியது. 180க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர்.

அதன் பின்னர் இயந்திரங்கள் எவ்வளவோ முன்னேறிவிட்டன. இன்றைய பயணிகள் விமானம் மலையை நெருங்கினால் விமானியின் காதுக்குள் உரத்துக் கத்தி எச்சரிக்கும் கருவி இருக்கிறது. வானிலையைத் திரையில் காட்டும் ராடார் இருக்கிறது. மாறாமல் இருப்பது மனித உடல். அது களைக்கும், தூங்கும், அவசரப்படும், பெருமைப்படும், பயப்படும். விமானிகளின் வேலையைப் பற்றிய விதிகள் பலவும் இந்த மனித உடலுக்காக எழுதப்பட்டவை. நாம் திட்டித் தீர்ப்பதும் பெரும்பாலும் அந்த விதிகளைத்தான்.

1. “மாசம் எழுபத்தஞ்சு மணித்தியாலம் தானே வேல?”

பல நாடுகளில் ஒரு விமானி ஆண்டுக்கு 900 அல்லது 1000 மணித்தியாலங்களுக்கு மேல் பறக்கக் கூடாது என்று சட்டம் இருக்கிறது. பன்னிரண்டால் பிரித்தால் மாதம் 75 முதல் 83 வரை வரும். “அவ்வளவு தானா?” என்று கேட்பவர்களைப் பார்த்தால் எம் போன்ற ஆசிரியர்களுக்குச் சிரிப்புத்தான் வரும். “ஒன்றரைக்கு பெல் அடிச்சா வீடு தானே” என்று எங்களுக்குச் சொல்பவர்களும் இதே கணக்கைத்தான் போடுகிறார்கள். பாடக் குறிப்பும், விடைத்தாள் கட்டும், இரவு பன்னிரண்டு மணிவரை எரியும் லைட்டும் அந்தக் கணக்கில் வராது.

விமானியின் கணக்கும் அப்படித்தான். பறப்பு நேரம் என்பது விமானம் புறப்பட அசையத் தொடங்கியதிலிருந்து போய்ச் சேர்ந்து நிற்கும் வரை மட்டுமே. அதற்கு ஒரு மணித்தியாலம் அல்லது அதற்கும் முன்னரே அவர் கடமைக்கு வந்துவிட வேண்டும். வழியிலும் போய்ச் சேரும் இடத்திலும் வானிலை எப்படி, எந்த ஓடுபாதை மூடப்பட்டிருக்கிறது, எவ்வளவு எரிபொருள் ஏற்ற வேண்டும், முந்திய பறப்பில் ஏதும் கோளாறு பதியப்பட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். விமானத்தைச் சுற்றி நடந்து டயர், இறக்கை, எஞ்சின் என்று கண்ணால் பரிசோதிக்க வேண்டும். மழை பெய்தாலும் அந்த நடை நடந்தே ஆக வேண்டும்.

கொழும்பிலிருந்து டுபாய் சுமார் நாலரை மணித்தியாலம். சில நிறுவனங்களில் ஒரே சோடி விமானிகள் போய், ஆட்களை இறக்கி ஏற்றி, உடனே திரும்புவதும் உண்டு. பறப்பு நேரம் ஒன்பது மணித்தியாலம் என்று பதிவாகும். உண்மையான கடமை நேரம் பதினொன்றைத் தாண்டும். அதிலும் மத்திய கிழக்குப் பறப்புகள் பல இரவில்தான். அதிகாலை 2 மணி முதல் 6 மணி வரை மனித உடலின் விழிப்பு மிகவும் தாழ்ந்திருக்கும் நேரம் என்பது மருத்துவம் உறுதியாகச் சொல்லும் விடயம். தஹஜ்ஜத்துக்கு எழும்புபவர்களுக்கும் ஸஹருக்குச் சமைக்கும் எமது பெண்களுக்கும் இதை விளக்கத் தேவையில்லை. நாம் கழுத்தைச் சாய்த்துக் குறட்டை விடும் அந்த நேரத்தில்தான் அவர் கண்ணைத் திறந்து வைத்திருக்க வேண்டும். அது முடியும் தறுவாயில், மிகவும் களைத்த நிலையில், வேலையிலேயே மிகக் கஷ்டமான பகுதியான தரையிறக்கத்தைச் செய்ய வேண்டும்.

இதற்கு மேல், ஆறு மாதத்துக்கு ஒரு தடவை சிமியுலேட்டரில் பரீட்சை. எஞ்சின் நிற்கிறது, தீப்பிடிக்கிறது, ஓடுபாதை தெரியவில்லை என்று ஒன்றன்பின் ஒன்றாகக் கொடுத்துச் சோதிப்பார்கள். அத்தோடு மருத்துவப் பரிசோதனை. அதில் தவறினால் லைசன்ஸ் நிறுத்தப்படும், வருமானமும் நிற்கும். நாம் டீச்சராகி இருபது வருடத்துக்குப் பிறகும் ஆறு மாதத்துக்கொரு தடவை பயிற்சிக் கல்லூரி இறுதிப் பரீட்சைக்குத் தோற்றி, சித்தியடைந்தால் மட்டும் அடுத்த வகுப்புக்குள் போகலாம் என்றிருந்தால் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பார்க்கலாம்.

2. “எல்லாம் கம்பியூட்டர் தானே ஓடுது?”

ஒட்டோ பைலட் இருக்கிறது. நீண்ட நேரம் விமானத்தைப் பிடித்து வைத்திருப்பதும் அதுதான். ஆனால் எங்கே போக வேண்டும், எந்த உயரம், எந்த வேகம் என்று சொல்லிக் கொடுப்பது மனிதன். முன்னால் இடிமேகம் நிற்கும்போது இடப்பக்கம் விலகுவதா வலப்பக்கம் விலகுவதா என்று முடிவெடுப்பதும் மனிதன். தையல் மெஷின் தைக்கிறது என்பதற்காக, சட்டை வெட்டியது மெஷின் என்று யாரும் சொல்வதில்லை.

விமானம் மேலெழுவது வழமையாக விமானியின் கையால். ஓடுபாதையில் வேகமெடுக்கும்போது “வீ வன்” என்று ஒரு வேகம் உண்டு. அந்த வேகத்துக்கு முன் பெரிய கோளாறு வந்தால் நிறுத்தலாம். அதைத் தாண்டினால் எஞ்சின் ஒன்று போனாலும் மேலே எழும்பியே ஆக வேண்டும், ஏனெனில் நிறுத்துவதற்கு ஓடுபாதை போதாது. இந்த முடிவுக்கு அவருக்குக் கிடைப்பது ஓரிரு விநாடிகள். தரையிறங்குவதும் பெரும்பாலும் கையால்தான். தானாக இறங்கும் வசதி இருக்கிறது. ஆனால் விமானம், ஓடுபாதைக் கருவிகள், விமானிகளின் பயிற்சி, காற்றின் வேகம் எல்லாம் அதற்குப் பொருந்த வேண்டும். அப்போதும் இரண்டு பேரும் கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

3. “என்னா அடி அடிச்சி இறக்கினான்! லைசன்ஸ் எடுத்தவன் தானா?”

மெதுவாகத் தொட்டால் நல்ல விமானி, தடாரென்று இறங்கினால் கெட்ட விமானி என்பது எம்மிடம் ஊறிப்போன எண்ணம். மழை நேரத்தில் ஓடுபாதையில் நீர்ப்படலம் நிற்கும். சக்கரம் பூப்போலத் தொட்டால் தண்ணீரின் மேல் வழுக்கிக்கொண்டு போகும், பிரேக் பிடிக்காது. ஆகவே சற்று அழுத்தமாக, குறித்த இடத்தில், சக்கரம் நிலத்தைப் பிடிக்கும்படி இறக்குவதே சரியான முறை. மெதுவாகத் தொட வேண்டும் என்று மிதந்துகொண்டே போனால் ஓடுபாதை தீர்ந்துவிடும்.

அதே போல், இறங்கப் போன விமானம் திடீரென்று எஞ்சின் சத்தத்தோடு மேலே எழும்பினால் நாம் பதறி “லா இலாஹ இல்லல்லாஹ்” சொல்லிவிடுகிறோம். திக்ர் சொல்வது நல்லது. ஆனால் அங்கே நடப்பது விபத்து அல்ல. நிலத்திலிருந்து சுமார் 1000 அடி உயரத்துக்கு வரும்போது வேகம், திசை, இறங்கும் கோணம் எல்லாம் ஒழுங்காக இருக்க வேண்டும். இல்லையென்றால் இறங்காமல் மேலே எழும்பி, சுற்றி வந்து, மறுபடி முயல வேண்டும். பார்வை தெளிவாக உள்ள வேளையில் இந்த எல்லையை 500 அடி என்று வைக்கும் நிறுவனங்களும் உண்டு. இதைக் “கோ எரவுண்ட்” என்பார்கள். மேலே எழும்பிப் போகும் விமானி தன் வேலையைத்தான் செய்கிறார்.

4. “ஊருக்கு மேல வந்துட்டு திரும்பிப் போயிட்டான்”

கட்டுநாயக்கவில் கடும் மழையும் இடியும் என்றால் விமானம் மத்தளவுக்கோ திருவனந்தபுரத்துக்கோ சென்னைக்கோ திருப்பப்படலாம். “இன்னும் பத்து நிமிசம் சுத்தினா மழ விட்டிருக்கும்” என்போம். விமானத்தில் எரிபொருள் ஏற்றுவதற்கு ஒரு கணக்கு உண்டு. போய்ச் சேர இவ்வளவு, எதிர்பாராத செலவுக்கு இவ்வளவு, மாற்று விமான நிலையத்துக்குப் போக இவ்வளவு, அதற்கும் மேல் கடைசி இருப்பாக 30 நிமிடம் பறக்கக்கூடிய அளவு. அந்த 30 நிமிடத்தில் கைவைக்கும் நிலை வந்தால் அபாய அறிவிப்புக் கொடுத்தாக வேண்டும். ஆகவே “இனிக் காத்திருந்தால் மாற்று இடத்துக்குப் போக எண்ணெய் போதாது” என்ற கட்டம் வரும்போது அவர் திரும்பிப் போகிறார். எமக்குத் தெரிவது மழை மட்டும். அவர் பார்ப்பது மழையையும் எண்ணெய்க் கணக்கையும்.

5. “டியூட்டி முடிஞ்சிட்டு எண்டு இறங்கிப் போயிட்டார்”

முக்கியமான இடம் இதுதான். விமானியின் கடமை நேரம் தொடங்குவது விமானம் புறப்படும்போது அல்ல, அவர் கடமைக்கு வந்து பதிந்தபோது. இரவு ஒன்பது மணிக்கு அவர் வந்துவிட்டார் என்று வைப்போம். விமானத்தில் ஏதோ கோளாறு. பொறியியலாளர்கள் திருத்துகிறார்கள். ஒரு மணி, இரண்டு மணி, நான்கு மணி என்று நேரம் போகிறது. அவர் ஒரு அடிகூடப் பறக்கவில்லை, ஆனால் மணிக்கூடு ஓடிக்கொண்டே இருக்கிறது. கடைசியில் விமானம் தயார். இப்போது புறப்பட்டால் போய்ச் சேர முன் சட்டம் அனுமதித்த நேரம் முடிந்துவிடும். நடுவானில் டியூட்டி முடிந்து இறங்கிப் போக முடியாது. ஆகவே புறப்பட முன்னரே அவர் இறங்கியாக வேண்டும். குறிப்பிட்ட அளவு நீடிக்கத் தலைமை விமானிக்குப் பல நாடுகளில் இடமுண்டு. ஆனால் தன்னால் முடியும் என்று அவர் உண்மையாக உணர்ந்தால் மட்டுமே.

“ஒரு நாளைக்கு ரெண்டு மணித்தியாலம் கூடச் செஞ்சா என்ன?” என்று கேட்கலாம். 1997 இல் நேச்சர் என்ற அறிவியல் இதழில் வெளிவந்த ஆய்வு ஒன்று, தொடர்ந்து 17 மணித்தியாலம் விழித்திருப்பவரின் செயற்றிறன், இரத்தத்தில் 0.05 வீதம் மதுசாரம் உள்ளவரின் நிலைக்கு இறங்கிவிடுகிறது என்று காட்டியது. மது அருந்தியவர் ஓட்டும் வேனில் நாம் பிள்ளைகளை ஏற்றமாட்டோம். களைப்பைப் பற்றி மட்டும் கேள்வி கேட்பதில்லை. அது மணக்காது, தள்ளாடாது, வெளியே தெரியாது.

2010 மே 22 அதிகாலை. டுபாயிலிருந்து மங்களூர் வந்த எயார் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானம். ஏறியிருந்தவர்கள் அனேகமாக எங்களைப் போன்றவர்கள்தான், வளைகுடாவில் உழைத்துவிட்டு ஊருக்கு வந்த கர்நாடக, காசர்கோட்டுக் குடும்பங்கள். முந்திய இரவு மங்களூரிலிருந்து டுபாய் போன அதே விமானிகள் உடனே திரும்பி வந்தார்கள். விமானி அறை ஒலிப்பதிவில் ஒன்றரை மணித்தியாலத்துக்கும் மேலாகப் பேச்சில்லை, குறட்டைச் சத்தம் கேட்டது. தலைமை விமானி தூங்கியிருந்தார். எழும்பி இறங்கத் தொடங்கும்போது விமானம் இருக்க வேண்டிய உயரத்தைவிட மிக மேலே இருந்தது. பக்கத்திலிருந்த துணை விமானி “கோ எரவுண்ட்” என்று மூன்று தடவை சொன்னார். தலைமை விமானி கேட்கவில்லை. மலை உச்சியில் உள்ள ஓடுபாதையில் வெகுதூரம் தாண்டித் தொட்டு, பள்ளத்தில் விழுந்து எரிந்தது. 166 பேரில் 158 பேர் உயிரிழந்தார்கள். நீண்ட தூக்கத்திலிருந்து எழும்பிய மந்த நிலை அவரது தீர்மானத்தைப் பாதித்திருக்கலாம் என்றது விசாரணை அறிக்கை.

பத்து வருடம் கழித்து, 2020 ஆகஸ்ட் 7. கொரோனா காலத்தில் டுபாயிலிருந்து சனங்களை ஏற்றிக்கொண்டு கோழிக்கோட்டுக்கு வந்தது இன்னொரு விமானம். மழை, பின்பக்கக் காற்று. முதல் முயற்சியைக் கைவிட்டு மேலே எழும்பினார்கள், அது சரி. இரண்டாவது முயற்சியில் 2700 மீற்றர் ஓடுபாதையில் பாதியளவைக் கடந்துதான் சக்கரம் தொட்டது. துணை விமானி “கோ எரவுண்ட்” என்று சொன்னதும் பதிவாகியிருக்கிறது. விமானம் ஓடுபாதையைத் தாண்டி விழுந்து உடைந்தது. இரு விமானிகள் உட்பட 21 பேர் போய்விட்டார்கள். அந்த அறிக்கையில் ஒரு விடயம் நெஞ்சைத் தொடும். மறுநாள் காலைப் பறப்பை ஓட்ட அங்கே போதிய தலைமை விமானிகள் இல்லை. எப்படியாவது கோழிக்கோட்டிலேயே இறங்கிவிட வேண்டும் என்ற எண்ணம் அவருடைய முடிவில் பங்கு வகித்தது என்கிறது அறிக்கை. அவருக்கு இருபது வருடங்களுக்கும் மேலான விமானப்படை அனுபவம் இருந்தது. கடமையுணர்ச்சி உள்ள மனிதர். அந்தக் கடமையுணர்ச்சியே “முடியாது” என்று சொல்ல விடவில்லை.

இவ்விரண்டு விபத்துகளிலும் விமானி “முடியாது” என்று சொல்லி, வேறு இடத்துக்குத் திருப்பிப் போயிருந்தால் என்ன நடந்திருக்கும்? நான்கைந்து மணித்தியாலத் தாமதம். கோபமான சில வொய்ஸ் நோட்டுகள். அவ்வளவுதான். எல்லோரும் வீட்டுக்குப் போயிருப்பார்கள்.

ஸுப்ஹானல்லாஹ் சொல்லும் மஃமூம்

விமானி அறையில் எப்போதும் இருவர். ஒருவர் ஓட்டுவார், மற்றவர் கண்காணிப்பார். கண்காணிப்பவர் வயதிலும் பதவியிலும் சிறியவராக இருந்தாலும், தவறு கண்டால் வாய் திறந்து சொல்வது அவர் கடமை, கேட்பது பெரியவரின் கடமை. இதற்கென்றே விமானிகளுக்குத் தனிப் பயிற்சி இருக்கிறது.

எமக்கு இது அந்நியமான பாடமா? ஜமாஅத்தில் இமாம் ரக்அத்தில் பிழைவிட்டால் பின்னால் நிற்கும் மஃமூம் “ஸுப்ஹானல்லாஹ்” என்கிறார். அவர் கூலிவேலை செய்பவராக இருக்கலாம், இமாம் பெரிய ஆலிமாக இருக்கலாம். யாரும் அதை அவமரியாதை என்று நினைப்பதில்லை. அந்த அழகான ஒழுங்கு பள்ளிவாசலோடு நின்றுவிடுகிறது என்பதே எமது குறை. வீட்டில், பாடசாலையில், நிர்வாகக் கூட்டங்களில் “பெரியவர் பேசும்போது வாய மூடு” என்றுதான் வளர்க்கிறோம். வகுப்பில் கரும்பலகையில் நாம் விட்ட பிழையை ஒரு பிள்ளை எழும்பிச் சொன்னால், அந்தப் பிள்ளையைப் பாராட்டும் ஆசிரியர்கள் எத்தனை பேர்? மங்களூரில் மூன்று தடவை சொன்ன அந்தத் துணை விமானி நாலாவது தடவை தானே கையை நீட்டி விமானத்தை மேலே எழுப்பும் துணிவைப் பெற்றிருந்தால் என்று நினைக்காமல் இருக்க முடியவில்லை. அந்தத் துணிவு சின்ன வயதில் வகுப்பறையில் விதைக்கப்பட வேண்டியது.

கோபத்தை யாரிடம் காட்டுவது?

விமானிகள் எல்லோரும் மலக்குகள் என்று நாம் சொல்ல வரவில்லை. அவர்களிலும் அலட்சியக்காரர் இருப்பார்கள். மேலே சொன்ன விபத்துகளிலும் விமானிகளின் பிழை இருந்தது. நாம் சொல்வது, கோபத்துக்குச் சரியான முகவரி வேண்டும் என்பதே.

டியூட்டி நேரம் முடிந்தால் மாற்று விமானிகளை ஸ்டேண்ட்பையில் வைத்திருக்க வேண்டியது நிறுவனம். காத்திருக்கும் பயணிகளுக்குச் சாப்பாடு, தண்ணீர், தங்குமிடம் கொடுக்க வேண்டியதும், என்ன நடக்கிறது என்று சிங்களத்திலும் தமிழிலும் ஆங்கிலத்திலும் ஒழுங்காகச் சொல்ல வேண்டியதும் நிறுவனம். வயது போன உம்மாமார் தரையில் படுத்துக் கிடக்க, கவுண்டரில் ஒருவரும் இல்லை என்றால் அது கண்டிக்கப்பட வேண்டிய அநியாயம். எழுத்தில் முறையிடுவோம், உரிமையைக் கேட்போம். 2022 நெருக்கடிக்குப் பின் டொக்டர்மார், பொறியியலாளர்கள் போல விமானிகளும் நாட்டைவிட்டுப் போனார்கள். ஆள் குறைந்தால் எஞ்சியிருப்பவரின் மேல் பாரம் கூடும். அதையும் கேள்வியாகக் கேட்க வேண்டியது நிர்வாகத்திடமும் ஆட்சியாளரிடமும்தான். “களைத்துவிட்டேன், ஓட்டமாட்டேன்” என்று உண்மை சொன்ன மனிதரின் முகத்தை வீடியோ எடுத்துப் போடுவது இதில் எதையும் தீர்க்காது. அடுத்த தடவை இன்னொருவர் அந்த வீடியோவை நினைத்து, வாய் மூடி, களைத்த கண்ணோடு ஓட்டுவார். உள்ளே இருப்பது நம் பிள்ளையாக இருக்கலாம்.

நாம் செய்யக்கூடியவை

உம்றாக் குழு நடத்துபவர்கள், விமானத்தை விட்டு இறங்கிய கையோடு அடுத்த பயணம் என்று இறுக்கிக் கட்டாமல் ஒரு நாள் இடைவெளி வையுங்கள். வேலைக்குத் திரும்புபவர்கள் விசா முடியும் கடைசி நாளில் டிக்கட் போடாதீர்கள். விலை குறைவு என்பதற்காக அந்த ஆபத்தை வாங்க வேண்டாம்.

சீட் பெல்ட் லைட் எரியும்போது எழும்பாதீர்கள். “காத்து இல்லாத குழியில விழுந்திட்டு” என்று சொல்வோமே, அப்படிக் குழி எதுவும் வானத்தில் இல்லை. காற்று மேலும் கீழும் ஓடுவதால் வரும் குலுக்கம் அது. விமானம் அதைத் தாங்கும்படி கட்டப்பட்டிருக்கிறது, பெல்ட் போடாத மனிதர் தாங்கமாட்டார். 2024 மே 21 அன்று லண்டனிலிருந்து சிங்கப்பூர் போன விமானம் மியன்மாருக்கு மேலே குலுங்கியதில் பலர் தூக்கி வீசப்பட்டுக் காயமடைந்தார்கள், ஒரு பயணி உயிரிழந்தார். விமானம் முழுமையாக பேங்கொக்கில் இறங்கியது. ஆகவே லைட் எரியாத போதும் இருக்கையில் பெல்ட்டோடு இருப்பது நல்லது.

எமது பயணிகளிடம் ஒரு பழக்கம் உண்டு. மீகாத் நெருங்குகிறது என்ற அறிவிப்பு வந்ததும் இஹ்ராம் மாற்ற எல்லோரும் ஒரே நேரத்தில் எழும்புவது. ஏறுவதற்கு முன்னரே இஹ்ராம் உடையை அணிந்துகொண்டு, மீகாத்தில் நிய்யத்தை மட்டும் வைத்துக்கொள்ளலாம். குலுங்கும் நேரத்தில் நடைபாதையில் நின்று தொழ முயல்வதும் அப்படித்தான். பயணிக்கு மார்க்கம் தந்த சலுகைகளை ஊர் ஆலிம்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு ஏறுவோம்.

இறங்கும்போது ஜன்னல் மறைப்பைத் திற, சீட்டை நிமிர்த்து என்று பணியாளர் சொல்வது தொந்தரவுக்காக அல்ல. ஏதும் நடந்தால் வெளியே தீ எந்தப் பக்கம் என்று தெரிய வேண்டும், பின்னால் இருப்பவர் தடையில்லாமல் எழும்பி ஓட வேண்டும்.

விமானியாக வேண்டும் என்று சொல்லும் எமது ஆண், பெண் பிள்ளைகளிடம் சம்பளத்தையும் தொப்பியையும் மட்டும் காட்டாதீர்கள். இரவு விழிப்பையும், பெருநாளன்று வேறு நாட்டு ஹோட்டல் அறையில் தனியே இருப்பதையும், ஆறு மாதப் பரீட்சையையும், “முடியாது” என்று சொல்லும் துணிவையும் சேர்த்தே சொல்லுங்கள். அதற்குப் பிறகும் கண் மின்னினால் அந்தப் பிள்ளையைத் தடுக்காதீர்கள்.

ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத்தான் தவக்குல் என்று எமக்குக் கற்றுத் தந்தார்கள் நபி ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள். நாம் இருக்கையில் அமர்ந்து பயண துஆ ஓதும்போது, முன்னால் கதவுக்கு அப்பால் இருவர் எங்களுக்காக அந்தக் கயிற்றை இறுக்கிக்கொண்டிருக்கிறார்கள். நூற்றுக்கணக்கானோரின் உயிர் அவர்கள் கையில் அமானிதம். அந்தக் கயிறு இன்று சரியாக இறுகவில்லை என்று அவர்கள் சொன்னால், ஏன் என்று கேட்போம், சாப்பாடும் தங்குமிடமும் கேட்போம், ஆனால் “பரவாயில்லை, எப்படியாவது போ” என்று மட்டும் சொல்லாதிருப்போம்.

அடுத்த தடவை அப்படியொரு வொய்ஸ் நோட் குழுவுக்கு வந்தால், முன்னுக்கு அனுப்புவதற்கு முன் இந்தப் பதிவில் ஒரு வரியாவது ஞாபகம் வரட்டும்.

பிரயாணத்தில் இருக்கும் எல்லோரையும் அல்லாஹ் பாதுகாப்பாக அவரவர் வீட்டு வாசலில் கொண்டு சேர்ப்பானாக. ஆமீன்.

(துறை சார்ந்த சகோதர சகோதரிகள் யாரும் இக்குழுவில் இருந்தால் கருத்துப் பகுதியில் உங்கள் அனுபவத்தையும் எழுதுங்கள். பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டலாம்.)